ஸ்ப்ளாஷுக்கு விளக்கவுரை

இந்த ஞாயிற்றுக்கிழமை தலையே போனாலும் பால்கனியைக் கழுவுவதில்லை என்று சபதம் எடுத்தேன். டெல்லியில் வெயில் காலம் வந்தால் ஆந்தி என்று ஒரு புழுதிக்காற்று அடிக்கும். ராஜஸ்தானில் கிளம்பும் மண் மொத்தமும் மயூர் விஹாரில் எங்கள் பால்கனியைத் தேடி வந்து இறங்கும். ஒவ்வொரு தடவையும் கழுவுவது நான். போதும். முதுகு வலி என்று அறிவித்துவிட்டு சோபாவில் சாய்ந்தேன்.

என் மனைவி சியாமளா, பள்ளிக்கூட டீச்சர், மறுபேச்சு பேசவில்லை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

"உங்களைத்தானே. ஒரு சின்ன டவுட். ட்ரிப்புக்கும் ட்ரிக்கிளுக்கும் என்ன வித்தியாசம்?"

ஆபீசில் என் இங்கிலீஷுக்குப் பயந்து மேனேஜரே என்னிடம் இந்தியில்தான் பேசுவார். நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"சொட்டுச் சொட்டா விழுந்தா ட்ரிப். விடாம மெல்லிசா வழிஞ்சா ட்ரிக்கிள்."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"எப்படி ஒண்ணாகும்? வா, செஞ்சே காட்டறேன்."

பக்கெட்டில் தண்ணீர் பிடித்தேன். வீட்டுக்குள் காட்டினால் தரை பாழாகும் என்றாள். நியாயம்தான். பால்கனிக்குப் போனோம். கிரில் கம்பிமேல் சொட்டவிட்டேன். அப்புறம் வழியவிட்டேன்.

"அச்சா. அப்போ ஸ்பில்?"

"கை தவறிக் கொட்டறது."

ஒரு மக் தண்ணீர் கை தவறியது.

"ஸ்ப்ளாஷ்?"

"வாரி அடிக்கணும். சுவர் வரைக்கும் தெறிக்கணும்."

"அந்த மூலைல அடிச்சுக் காட்டுங்கோ. இங்கே சரியாப் புரியலை."

அடித்தேன். நாலு மூலையிலும் அடித்தேன். வேட்டி தொப்பலாகிவிட்டது. முதுகு வலி போன இடம் தெரியவில்லை. கல்யாணமான நாளிலிருந்து என் அறிவை இவள் இவ்வளவு ஆசையாகக் கேட்டதே கிடையாது. எனக்கு ஒரே சந்தோஷம்.

"இவ்வளவு தண்ணியும் ஓட்டை வழியா வெளியே போறதே, அதுக்கு என்ன பேர்?"

"ட்ரெயின். ரயில் இல்லை, வடியறது. ஆனா தானாப் போகாது, தள்ளிவிடணும்."

சொல்லி முடிப்பதற்குள் என் கையில் வைப்பர் இருந்தது. தள்ளினேன். பால்கனி பளபளத்தது.

"இதெல்லாம் உனக்கு எதுக்கு?" என்றேன், மீசையைத் தடவிக்கொண்டே.

சியாமளா கொடியில் துணி உலர்த்தத் தொடங்கியிருந்தாள்.

"எட்டாம் கிளாஸுக்கு இந்தப் பாடத்தை நான் போன வாரமே நடத்தியாச்சு. ஆனா ஒரு பையன்கூட இவ்வளவு சுத்தமா செஞ்சு காட்டலை."