அந்தப் பக்கம் யார் பக்கம்?

முப்பத்தோரு வருஷமாக ஸ்ஃபாக்ஸ் நகரத்தில் செய்தி என்றால் ஷெத்லி. ஷெத்லி என்றால் நான். துறைமுகத்தில் ஒரு மீன் துள்ளினால்கூட மறுநாள் எங்கள் பத்திரிகையில் வந்துவிடும். மறுநாள். அதுதான் கோளாறு.

போன மாதம் பலத்த காற்றில் கெர்கென்னா தீவுக் கப்பல் நின்றுபோனது. 'துறைமுகத் தெரு' என்ற முகநூல் பக்கம் அதைக் காலை ஆறு மணிக்கே சொல்லிவிட்டது. நாங்கள் மறுநாள் "பயணிகள் கவனத்துக்கு" என்று கொட்டை எழுத்தில் போட்டோம். பயணிகள் அதற்குள் தீவுக்குப் போய்ச் சேர்ந்திருந்தார்கள்.

ஆசிரியர் லத்தீஃப் என்னைக் கூப்பிட்டார்.

"நம்ம பத்திரிகையை இப்ப மீன் கட்டத்தான் வாங்கறாங்க, ஷெத்லி. அந்தப் பக்கத்தை யாரோ பேர் சொல்லாம நடத்தறாங்க. யாருன்னு கண்டுபிடிங்க."

வீட்டுக்கு வந்து என் மனைவி வஸீலாவிடம் சபதம் செய்தேன். "மூணே நாள். ஆளைப் பிடிக்கிறேன்."

அவள் ஒரு கையால் குஸ்குஸைக் கிளறிக்கொண்டு, மறு கையால் ஃபோனைத் தட்டிக்கொண்டிருந்தாள். சமையல் குறிப்பு பார்க்கிறாள் என்று நினைத்தேன்.

"எப்படிங்க பிடிப்பீங்க?"

"ஒண்ணு மருந்துக்கடை முராத். இல்லேன்னா முடிவெட்டுற ஹாதி. ஆளுக்கொரு பொய் சொல்லப் போறேன். எந்தப் பொய் அந்தப் பக்கத்துல வருதோ, அவன்தான்."

"ரெண்டும் வந்துட்டா?"

"ரெண்டு பேரும் கூட்டு."

"ஒண்ணும் வரலைன்னா?"

"நீ அடுப்பைப் பாரு."

முராத்திடம், வியாழக்கிழமை கப்பல் ஓடாது என்றேன். ஹாதியிடம், நாளைக்கு மீன் சந்தையை மூடுகிறார்கள் என்றேன். அவன் என்னைப் பாதி மீசையோடு விட்டுவிட்டு மீன் வாங்க ஓடினான்.

மறுநாள் காலை அந்தப் பக்கத்தைத் திறந்தேன்.

"கப்பல் பற்றியும் மீன் சந்தை பற்றியும் இரண்டு வதந்திகள் உலவுகின்றன. துறைமுகத்திலும் சந்தையிலும் விசாரித்தோம். இரண்டும் பொய். பரப்பியவர் பாதி மீசையுள்ள மூத்த பத்திரிகையாளர். குடும்ப நலன் கருதி அவர் பெயரை வெளியிடவில்லை."

யாருடைய குடும்பம்? அடுப்படிக்குப் போனேன்.

"வஸீலா, நீ என் பக்கமா, அந்தப் பக்கமா?"

"அந்தப் பக்கமே என் பக்கம்தாங்க."

"எத்தனை நாளா?"

"நாலு வருஷமா. நாப்பதாயிரம் பேர் படிக்கிறாங்க."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

"சொன்னா மறுநாள் போட்டிருப்பீங்க. ஆனா தொழில் உங்ககிட்ட கத்துக்கிட்டதுதான். விசாரிக்காம எழுதாதேன்னு தினமும் சாப்பாட்டு நேரத்துல சொல்வீங்களே. நேத்து நாலு பேருக்கு ஃபோன் பண்ணிக் கேட்டுட்டுத்தான் எழுதினேன்."

கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது பெருமை. நாப்பதாயிரம் பேர். அதுவும் என் மாணவி. மீதி மீசையையும் மழித்துக்கொண்டு, மார்பை நிமிர்த்திக்கொண்டு ஆசிரியர் முன்னால் போய் நின்றேன்.

"ஆளைப் பிடிச்சாச்சு. என் மனைவிதான். நான்தான் பழக்கினேன்."

"தெரியும்," என்றார் லத்தீஃப். "அவங்க விசாரிச்ச நாலு பேர்ல நானும் ஒருத்தன். அப்பவே நம்ம பத்திரிகையில வேலைக்குச் சேரச் சொல்லிட்டேன். சம்மதிச்சுட்டாங்க. ஒரே ஒரு நிபந்தனைதான்."

"என்ன நிபந்தனை?"

"நீங்க எழுதறது எதுவும் அவங்க விசாரிக்காம அச்சுக்குப் போகக் கூடாதாம்."