மணி கட்டிய காட்டெருமை

இதெல்லாம் நடந்தது வசந்தத்திலா இலையுதிர் காலத்திலா என்று இப்போது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. எங்கள் ஊருக்கு மேலே காரவாங்கன் மலையில் பனி இருந்ததாக ஒரு ஞாபகம்; ஜன்னல் திறந்திருந்ததாகவும் ஒரு ஞாபகம். இரண்டும் சேர்ந்து இருக்க வழியில்லை. ஆனால் மாஸ்டர் பிரிமுஸ் மாலே பூதக்கண்ணாடியை மேசையில் வைத்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி மட்டும் சொல் மாறாமல் நினைவிருக்கிறது.

"கஸ்பர், ஆப்பிரிக்காவில காட்டெருமைக்கு யாருடா மணி கட்டுவான்?"

கஸ்பர் லுஷின் எங்கள் துப்பாக்கிப் பட்டறையின் செதுக்குக்காரன். துப்பாக்கியின் பக்கத் தகட்டில் மலையாடு, கலைமான், காட்டுக்கோழி மூன்றும் அவன் உளியில் உயிரோடு வரும். அவன் செதுக்கிய மலையாட்டைப் பார்த்து ஒரு வேட்டைநாய் குரைத்ததை நானே பார்த்திருக்கிறேன். காட்டெருமையை அவன் பார்த்ததில்லை. எங்கள் ஊரான ஃபெர்லாக்கில் யாருமே பார்த்ததில்லை. உலகத்துக் காட்டெருமைகளில் பாதியைக் கொன்ற துப்பாக்கிகள் எங்கள் ஊரில் செய்தவை என்று நாங்கள் பெருமையடித்துக்கொள்வோம். ஆனால் கொம்பு மேல்நோக்கியா கீழ்நோக்கியா என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவோம்.

"மணி இல்லாம கழுத்து அம்மணமா தெரிஞ்சது மாஸ்டர்," என்றான் கஸ்பர். "நான் பார்த்த மாடு எல்லாத்துக்கும் மணி இருக்கு. எருமையும் மாட்டு ஜாதிதானே?"

"எந்த மாட்டைப் பார்த்துடா செதுக்கின?"

  சாப்பாட்டு வாளியோடு உள்ளே வந்த அவன் மனைவி ஒட்டிலி மேசையை எட்டிப் பார்த்துவிட்டுக் கையைத் தட்டினாள்.

"ஐயோ, நம்ம பசு ஷெக்கி! இடது கொம்பு வளைஞ்சிருக்கிறதைக்கூட விடலையே!"

அந்தத் துப்பாக்கி கிராட்ஸ் நகரத்து எகோன் ஸ்வெட்லருக்கு. மாட்டிறைச்சியில் சாசேஜ் செய்யும் ஆலையின் முதலாளி. அரசாங்கம் அவருக்கு வணிக ஆலோசகர் என்று பட்டம் கொடுத்திருந்தது. அவர் யாருக்கு என்ன ஆலோசனை சொன்னார் என்பது தெரியாது. ஆனால் 'ஆலோசகர் ஐயா' என்று கூப்பிடாவிட்டால் திரும்பிப் பார்க்கமாட்டார். போன வருடம் ஆப்பிரிக்காவில் காட்டெருமை சுட்டார். அதன் நினைவாகத்தான் இந்த இரட்டைக்குழல் துப்பாக்கி. செதுக்குவதற்கு அந்த எருமையின் புகைப்படம் அனுப்புங்கள் என்று மாஸ்டர் கேட்டதற்கு, "படம் சரியாக விழவில்லை, எருமை எருமை மாதிரி இருந்தால் போதும்," என்று பதில் வந்தது. தோளில் பதியும் மரக்கட்டையின் அளவுக்காக, துப்பாக்கியைத் தோளில் வைத்தபடி நிற்கும் தன் படம் ஒன்றை மட்டும் அனுப்பியிருந்தார்.

எனக்கு அப்போது குழல் அறையில் வேலை. இரட்டைக்குழலின் மதிப்பெல்லாம் அங்கேதான். காட்டெருமை ஒரு குண்டுக்குச் சாகாமல் திரும்பி ஓடிவந்தால் அடுத்த குண்டு அந்த நொடியே போக வேண்டும். போனால் மட்டும் போதாது, முதல் குண்டு போன இடத்துக்கே போக வேண்டும். அதற்காக இரண்டு குழலையும் ஒட்டி, சுட்டுப் பார்த்து, பற்றாசை உருக்கி, மயிரிழை நகர்த்தி, மறுபடி ஒட்டி, மறுபடி சுட்டு, பல வாரம் மாரடிப்போம். நான் வேலையை முடித்தபோது இரண்டு குண்டும் ஒரே துளையில் போயின. கட்டைக்கு எடுத்த வால்நட் மரம் மாஸ்டரின் அப்பா காலத்தில் உலரப் போட்டது. எல்லாம் கச்சிதம். தகட்டில் மட்டும் ஷெக்கி நின்றாள்.

"வேற தகடு போட்டுடலாம் மாஸ்டர்," என்றான் கஸ்பர்.

"போடலாம். இந்தக் கட்டை இந்தத் தகட்டுக்காகக் குடைஞ்சது. வேற தகடு போட்டா இடுக்குல விரல் நுழையும். அப்புறம் வேற கட்டை. அதுக்கு வேற மரம். அவர் வர்ற வெள்ளிக்கிழமை எடுத்துட்டுப் போய் திரியெஸ்ட் துறைமுகத்துல மறுபடி ஆப்பிரிக்காவுக்குக் கப்பல் ஏறணும். உனக்கு ஒண்ணு சொல்றேன் கேட்டுக்கோ. ஆலோசகர் இதைத் திருப்பிக் கொடுத்தார்னா, திங்கட்கிழமை நீ சைக்கிள் ஃபாக்டரியில பெடலுக்கு மெருகு போட்டுக்கிட்டு இருப்ப."

"அப்படின்னா என் பேரையாவது எடுத்துடறேன்."

"எங்கே போட்டிருக்க?"

கஸ்பர் காட்டினான். உற்சாகத்தில் மாட்டைத் தொடங்கும் முன்பே பெயரைச் செதுக்கியிருந்தான். ஷெக்கியின் காலடியில், கல்லறைக் கல்லில் இருப்பது போல ஆழமாக, முழுப் பெயரும்.

மாஸ்டர் மௌனமானார். எங்கள் ஊரில் மௌனம் என்பது பேச்சின் ஒரு பகுதி. அதை வைத்தே கோபத்தின் எடையை நிறுத்துவிடலாம். அன்றைக்கு நிறை அதிகம்.

முதலில் மணியை எடுத்துவிடப் பார்த்தார்கள். மாஸ்டர் தகட்டைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தார்.

"மணிக்குப் பின்னாலதான் சுடற பூட்டோட திருகு. இன்னும் ஒரு மயிரிழை உள்ளே போனா திருகு வெளிய எட்டிப் பார்க்கும். மணி இருக்கட்டும். மத்ததை எருமை ஆக்கு."

உலோகத்தில் வெட்டி எடுக்கத்தான் முடியும், ஒட்டவைக்க முடியாது. நல்லவேளையாகத் தலைக்கு மேல் வெறும் இடம் கொஞ்சம் இருந்தது. காட்டெருமைக்கு நெற்றி முழுக்கக் கொம்பு படர்ந்திருக்கும் என்று மாஸ்டர் எங்கோ கேட்டிருந்தார். கஸ்பர் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து நெற்றியில் கொம்பைப் படரவிட்டான். மறுநாள் ஒட்டிலி பார்த்தாள்.

"என்ன அழகு! மலையிறங்குற நாள்ல பூக்கிரீடம் வெச்ச மாதிரியே இருக்கா!"

அதுதான் உண்மை. மேய்ச்சல் முடிந்து மாடுகளை ஜோடித்து மலையிலிருந்து இறக்கும் திருநாளில் ஷெக்கி எப்படி இருப்பாளோ அப்படியே இருந்தாள். ஒட்டிலி அந்தப் பெருமையை வயிற்றுக்குள் வைத்துக்கொள்ளவில்லை. மதியத்துக்குள் ரொட்டிக் கடைக்காரி, தபால்காரர், பாதிரியார் வீட்டுச் சமையற்காரி எல்லோரும் பட்டறைக்கு வந்து ஷெக்கியைப் பார்த்துவிட்டுப் போனார்கள். பாதிரியார் தகட்டுக்கு ஆசி வழங்க வரலாமா என்று ஆள் அனுப்பிக் கேட்டார்.

"ஆப்பிரிக்கான்னு தெரியற மாதிரி ஏதாவது போடுடா," என்றார் மாஸ்டர். குரல் இறங்கிவிட்டிருந்தது.

"என்ன போடறது?"

"பனைமரம்."

கஸ்பர் பனைமரத்தையும் பார்த்ததில்லை. குருத்தோலை ஞாயிறுக்குக்கூட எங்கள் ஊரில் வில்லோக் கிளைதான். நீளமாக ஒரு தண்டு, உச்சியில் இரண்டு பக்கமும் விரிந்த ஓலை என்று மாஸ்டர் காற்றில் வரைந்து காட்டினார். மாட்டுக்குப் பின்னால் இருந்த ஒடுங்கிய இடத்தில் கஸ்பர் அதை நுழைத்தான். தண்டின் நடுவில் உளி வழுக்கி ஒரு பிளவு விழுந்தது. பிளவைச் சரிசெய்யப் போய் அது இரண்டு கால் ஆயிற்று.

நான் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். "யாரோ ஒருத்தன் ரெண்டு கையையும் தூக்கிக்கிட்டு ஓடி வர்றானே?"

"அது பனைமரம்," என்றான் கஸ்பர்.

"பனைமரம் எதுக்கு ஓடுது?"

கஸ்பர் உளியை வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டான். அன்று மத்தியானம் ஒட்டிலி கொண்டுவந்த பாலாடைக் கொழுக்கட்டையை அவன் தொடவில்லை. கஸ்பர் அதைத் தொடாமல் விட்டது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

"சைக்கிள் ஃபாக்டரியில சங்கு ஊதினாத்தான் சாப்பாடாமே?" என்று கேட்டான் என்னிடம்.

நான் பூதக்கண்ணாடியைத் துடைத்தேன். ஆமாம், சங்கு ஊதினால்தான்.

மாஸ்டர் கடைசி யோசனையோடு வந்தார். "மாட்டுக்கு முன்னால வேட்டைக்காரர் ஒருத்தரைப் போடு. பெரிசா. துப்பாக்கிய நீட்டிக்கிட்டு. எதிர்ல எவ்வளவு பயங்கரமான மிருகம் நிக்குதுன்னு அவர் நிக்கற நிலையிலயே தெரியணும். பார்க்கறவன் ஆளைத்தான் பார்ப்பான், மாட்டைப் பார்க்கமாட்டான்."

நல்ல யோசனை என்றுதான் எனக்கும் பட்டது. வேட்டைக்காரருக்கு மாதிரி வேண்டுமே என்று தேடியபோது, கட்டை அளவுக்காக ஆலோசகர் அனுப்பிய படம் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. கஸ்பர் மனிதர்களைச் செதுக்குவதில் கெட்டிக்காரன். தொப்பி, தொப்பியில் இறகு, மூன்று மடிப்புத் தாடை, பெல்ட்டுக்கு மேல் வழியும் வயிறு, ஒன்றும் தவறவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்தது. மாஸ்டர் பார்த்தார். ஆலோசகர் ஸ்வெட்லர் அவர்கள், எதிரில் நிற்கும் ஒரு சாதுவான பசுவைக் குறிவைத்துக்கொண்டிருந்தார். பசு கழுத்தில் மணியோடு, தலையில் கிரீடத்தோடு, அன்பாக அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. பின்னால் ஒருவன் "வேண்டாம் வேண்டாம்" என்று கையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். கீழே: கஸ்பர் லுஷின் செதுக்கியது.

"இதுக்கு மேல வெட்ட இடமில்லை," என்றார் மாஸ்டர். "அந்த ஒரு ஆறுதல்தான்."

வெள்ளிக்கிழமை ஆலோசகர் காரில் வந்தார். ஓட்டுநர் வெண்ட்சல் தோல்பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தான். கஸ்பர் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையில், சுவரோடு சுவராக நின்றான்.

மாஸ்டர் தகட்டைக் கையால் மூடியபடியே துப்பாக்கியை நீட்டினார். ஆலோசகர் தோளில் வைத்தார். அவருக்கென்றே வளர்ந்த உறுப்பு மாதிரி பொருந்தியது. மடித்துத் திறந்தார், மூடினார். நல்ல அலமாரிக் கதவு சாத்துவது போல மெல்லிய ஒரு சத்தம். பின்கட்டில் இரண்டு குண்டு சுட்டார். ஒரே துளை.

"அருமை மாலே! இப்ப என் எருமையைப் பார்க்கலாமா?"

கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். பார்த்தார்.

நான் நிறைய மௌனங்களில் உட்கார்ந்திருக்கிறேன். சாவு வீட்டில், பனிச்சரிவுக்குப் பிறகு, என் கல்யாணத்தில் மோதிரத்தைக் காணாமல் தேடியபோது. அதெல்லாம் இதற்கு முன்னால் இரைச்சல். ஆலோசகரின் முகம் முதலில் சிவந்தது, பிறகு வெளுத்தது, பிறகு அவருடைய ஆலையில் விற்கும் வெள்ளை சாசேஜின் நிறத்துக்கு வந்து நின்றது.

"இது," என்றார் மெதுவாக, "யார் யாருக்குத் தெரியும்?"

மாஸ்டர் பொய் சொல்லத் தெரியாதவர். "ஊருக்கே தெரியும் ஐயா. இவன் பெண்டாட்டி கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காட்டிட்டா. பாதிரியாருக்கும் தெரியும்."

"பாதிரியாருக்குமா!"

கஸ்பரால் பொறுக்க முடியவில்லை. "ஐயா, அது எருமைதான் ஐயா! சத்தியமா எருமைதான்!"

ஆலோசகர் பாய்ந்து வந்து அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அவர் கண்ணில் நீர்.

"ஆமாம்பா, எருமைதான். யார் கேட்டாலும் இப்படியே சொல்லு. உனக்குக் கோடி புண்ணியம். கிராட்ஸ்ல இருந்து யாராவது வந்தா முக்கியமா சொல்லு. உங்க ஊருக்கு வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு சாசேஜ் அனுப்பி வைக்கறேன். வீட்டுக்கு வீடு. இவனை மட்டும் வேலையை விட்டு அனுப்பிடாதீங்க மாலே. கோபத்துல வெளியில போறவன் வாய் சும்மா இருக்காது."

துப்பாக்கியைத் தானே பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். பேசிய பணத்தை மேசையில் வைத்தார், மீதியை வாங்கிக்கொள்ளவில்லை. யார் முகத்தையும் பார்க்காமல் கார் பக்கம் விறுவிறுவென்று நடந்தார்.

பட்டறையில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பெட்டியைத் தூக்க வந்த வெண்ட்சல் வாசலை ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு, எங்கள் பக்கம் குனிந்தான்.

"பாவம், பிழைப்பே மாடுதான். ஆனா சாசேஜா பார்த்திருக்காரே தவிர, முழு மாட்டை அவர் கிட்டத்துல பார்த்ததே இல்லை. தொப்பி, தொப்பை, கையைத் தூக்கிட்டு ஓடி வந்த மாட்டுக்காரன், எல்லாம் அச்சு அசலா அப்படியேதான். ஆனா ஆப்பிரிக்காவில அங்கே இருந்தது அவர், நான், அந்த மாட்டுக்காரன், மூணே பேர். அந்தப் பசு கழுத்துல மணி இருந்ததை உங்களுக்கு யார் சொன்னது?"

ஆலோசகர் அந்தக் கப்பலில் ஏறவில்லை; வேட்டையை விட்டுவிட்டு மீன் பிடிக்கத் தொடங்கினார். அவர் சாகும்வரை ஊருக்கு சாசேஜ் வந்தது. வெண்ட்சல் பிறகு சொந்தமாக டாக்ஸி ஓட்டினான். மாஸ்டர் பட்டறையை மருமகனிடம் கொடுத்துவிட்டு நிம்மதியாகக் கண்மூடினார். கஸ்பர் மலையாடும் கலைமானும் செதுக்கிக் கிழவனானான். காட்டெருமையைக் கடைசி வரை பார்க்கவில்லை. ஷெக்கி தொழுவத்தில் படுத்தபடி வயதாகிச் செத்தாள். ஒட்டிலி மணியைக் கழற்றாமலே புதைத்தாள்.