முன்கால் பதவி

“குதிரைக்கு முட்டி போச்சு!” என்று மேடை ஓரத்திலிருந்து யாரோ கத்தினார்கள்.

குதிரையின் வயிற்றுக்குள் குனிந்து நின்றவருக்கு மனசு ஒரு துள்ளுத் துள்ளியது. போனது அவருடைய முட்டி இல்லை. முன்னால் நின்றவருடையது.

அந்தப் பாட்டு நாடகம் ஒன்பது வருஷமாக ஒரே அரங்கில் ஓடிக்கொண்டிருந்தது. இதற்குள் இளவரசி நாலு பேர் மாறிவிட்டார்கள். இளவரசன் ஒருவன் தொண்டை கெட்டுப் போனான், இன்னொருவன் கல்யாணம் கட்டிக்கொண்டு போனான். மாறாதது இளவரசியின் வெள்ளைக் குதிரை மட்டும்தான். ஒரே தோலுக்குள் இரண்டு ஆண்கள். முன்னால் நிமிர்ந்து நடப்பவர் முன்கால் அண்ணன். அவருடைய இடுப்பு வாரைப் பிடித்துக்கொண்டு பின்னால் குனிந்து நடப்பவரை அரங்கில் எல்லாரும் பின்கால் என்றே கூப்பிட்டார்கள்.

முன்காலுக்கு மூன்று கயிறுகள். ஒன்றை இழுத்தால் குதிரை கண் சிமிட்டும், ஒன்றை இழுத்தால் காது ஆடும், ஒன்றை இழுத்தால் வாய் திறக்கும். பின்காலுக்கு ஒரே கயிறு. அது வால்.

முன்காலுக்குக் குதிரையின் கழுத்திலிருந்த சல்லடைத் துணி வழியாகச் சபை முழுக்கத் தெரியும். பின்காலுக்கு முன்காலின் முதுகு தெரியும். கடைசித் திரை விழுமுன் முன்கால் குதிரைத் தலையைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு கும்பிடு போடுவார். அப்போதும் பின்கால் குனிந்தே நிற்க வேண்டும். ‘ஒரு குதிரைக்கு ரெண்டு தலை வந்தா குழந்தைங்க பயந்துடும்’ என்பது இயக்குநர் முதல் நாளே போட்ட சட்டம். ஒன்பது வருஷக் கைதட்டலையும் பின்கால் தரையைப் பார்த்தபடியே கேட்டிருக்கிறார்.

“இனிமே நீதான்டா முன்னால” என்று முட்டியில் ஐஸ் கட்டியை வைத்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார் முன்கால் அண்ணன்.

இதை அன்றைக்கே வீட்டில் சொன்னதுதான் பின்கால் செய்த முதல் தப்பு.

“நிஜமாவாங்க? அப்ப இனிமே உங்க மூஞ்சி தெரியுமா?” என்றாள் மனைவி.

“கடைசியில தெரியும்.”

“அது போதும். அக்கா வீட்டுக்காரர் பேங்க்ல கண்ணாடிக்குப் பின்னால உக்கார்றார். அதுக்கே அவ அந்தப் பீத்து பீத்திக்கிறா.”

அடுத்த நிமிஷமே அம்மாவுக்கும் அக்காவுக்கும் போன் பறந்தது. மாமியார் அதே மாடியில் இரண்டு கதவு தள்ளிக் குடியிருந்ததால் போனை வைக்காமலே நேரில் வந்துவிட்டார். சோபாவில் உட்காரப்போன மருமகனை ஏற இறங்கப் பார்த்தார். பின்கால் உட்காருகிற தினுசு அவருக்கு என்றைக்குமே பிடித்ததில்லை. முதலில் வலது பக்கம் மட்டும் மெல்ல இறங்கும். அங்கேயே நின்று கொஞ்ச நேரம் யோசிக்கும். பிறகு இடது பக்கம் தொப்பென்று விழும்.

“முன்னால வர்றது இருக்கட்டும் மாப்பிள்ளை” என்றார் மாமியார். “ஸ்பிரிங் போயிடப்போகுது, பார்த்து உக்காருங்க.”

மறுநாள் அரங்க வாசலில் புது போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். வெள்ளைக் குதிரை. அதன் கழுத்துக்கு மேலே ஒரு மனிதத் தலை பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தது. ஊருக்கே தெரிந்த தலை. டிவி தொடரில் ஐந்து வருஷமாக அப்பழுக்கில்லாத மருமகனாக நடிப்பவன். மாமியாருக்குக் கால் பிடித்துவிடுவான், மாத்திரை எடுத்துக் கொடுப்பான். எல்லா வீட்டிலும் அவனை மாப்பிள்ளை என்றுதான் சொல்வார்கள். பின்காலின் மாமியார் அவன் படம் போட்ட காலண்டரைச் சமையலறையில் மாட்டியிருந்தார். சொந்த மருமகனின் கல்யாணப் போட்டோ பீரோவுக்குப் பின்னால் சுவரைப் பார்த்து நின்றது.

பின்கால் மேனேஜர் அறைக்கு ஓடினார்.

“சார், முன்கால் எனக்குன்னு அண்ணன் சொன்னார்…”

“வாஸ்தவம்தான்ப்பா. ஆனா நீ தலையைக் கழட்டினா யாரு கைதட்டுவா? மாப்பிள்ளை கழட்டினா கூரை பிச்சுக்கும். போஸ்டர் வேற ஒட்டியாச்சு.”

“அப்ப நான்?”

“நீ எப்பவும்போல நம்ம பின்பலம்” என்றார் மேனேஜர், தன் சிலேடைக்குத் தானே சிரித்துக்கொண்டு. “போய் அவருக்கு நடை சொல்லிக்குடு.”

பின்கால் சொல்லிக் கொடுத்தார். அங்கேதான் பொறாமை புகுந்து விளையாடியது. முன்கால் மூன்று கயிறுகளோடு மல்லுக்கட்டுவதால், தாளத்தை எண்ணுவது எப்போதும் பின்காலின் பொறுப்பு. இடுப்பு வாரை ஒரு இழுப்பு இழுத்தால் நிற்க வேண்டும், இரண்டு இழுத்தால் நடக்க வேண்டும். ஒன்பது வருஷமாக மாறாத இந்த முறையைப் பின்கால் அப்படியே தலைகீழாக்கிச் சொன்னார்.

“ஒண்ணு இழுத்தா நட, ரெண்டு இழுத்தா நில்லு. மனசுல பதிஞ்சுதா?”

“பதிஞ்சுதுண்ணே” என்றான் மாப்பிள்ளை பவ்யமாக. டிவியில் இருந்த அதே பவ்யம். அதுவே பின்காலுக்கு எரிந்தது.

முதல் நாள் ஆட்டம். இளவரசி பாடிக்கொண்டே வந்தாள். பின்கால் பழைய முறைப்படி வாரை இரண்டு தடவை இழுத்தார். மாப்பிள்ளை ஆணியடித்த மாதிரி நின்றான். பின்கால் மட்டும் நடந்தார். குதிரையின் வயிறு சுருக்குப்பைபோல மடிந்தது. நிற்பதற்காக ஒரு இழுப்பு இழுத்தார். மாப்பிள்ளை பாய்ந்தான். குதிரை ரயில்போல நீண்டது.

சபை சிரித்தது. சும்மா இல்லை, நாற்காலிகள் ஆடுகிற சத்தம் குதிரைத் தோலைத் தாண்டி உள்ளே கேட்டது. ‘மானம் போச்சுடா உனக்கு’ என்று பின்கால் இருட்டில் பல்லைக் காட்டினார்.

இடைவேளையில் மாப்பிள்ளை ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டான்.

“அண்ணே, சொதப்பிட்டோம்னு நினைச்சேன். ஜனம் கொண்டாடுது! எனக்கே தெரியாம எனக்குள்ள ஒரு காமெடியன் ஒளிஞ்சிருந்திருக்கான் பாருங்க!”

“நானும் பார்த்தேன்” என்றார் பின்கால், பல்லைக் கடித்துக்கொண்டு.

“தினமும் இதே மாதிரி வெச்சுக்கங்க” என்று சொல்லிவிட்டுப் போனார் இயக்குநர்.

இரண்டாம் வாரம் பின்கால் கையில் வேறு அஸ்திரம் எடுத்தார். பிரிவுப் பாட்டு. இளவரசி குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுவாள், சபையில் மூக்குறிஞ்சும் சத்தம் கேட்கும். அந்த நேரத்தில் குதிரை உட்கார்ந்துவிட்டால்? பாட்டு கெடும், மாப்பிள்ளை மல்லாக்க விழுவான், இயக்குநர் அவனை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்புவார்.

பின்கால் உட்கார்ந்தார். முதலில் வலது பக்கம். கொஞ்சம் யோசனை. பிறகு இடது பக்கம், தொப்.

பாட்டு நின்றுபோனது. சிரிப்பு அடங்க இரண்டு நிமிஷம் ஆயிற்று என்று பக்கவாத்தியக்காரர்கள் சொன்னார்கள். இளவரசிக்கே சிரிப்பு வந்து, அழுகிற மாதிரி முகத்தை மூடிக்கொண்டாளாம். மாப்பிள்ளை விழவில்லை. கழுத்தை நீட்டிக்கொண்டு அப்படியே நின்றானாம்.

‘கண்ணைக் கிண்ணைச் சிமிட்டியிருப்பான்’ என்று பின்கால் குமைந்தார். ‘மூணு கயிறு கையில இருந்தா நான்கூடத்தான் சிமிட்டுவேன்.’

அதிலிருந்து அவருக்கு நிம்மதி போயிற்று. ஒரு காலால் இன்னொரு காலைச் சொறிந்து பார்த்தார். மந்திரி வசனம் பேசும்போது வாலால் அவர் மூஞ்சியில் அடித்தார். போர்க்காட்சியில் கால்மேல் கால் போட்டு நின்றார். எதைச் செய்தாலும் சிரிப்பு கூடியதே தவிரக் குறையவில்லை. கடைசியில் மாப்பிள்ளை தலையைக் கழற்றும்போது விசில் பறந்தது. பின்கால் குனிந்தபடியே அந்த விசில்களை எண்ணினார். மூன்று மாதத்தில் அவருடைய இரண்டு முட்டிகளும் முன்கால் அண்ணனின் முட்டி மாதிரி ஆகிவிட்டன.

ஒருநாள் காலை மனைவி பத்திரிகையைக் கொண்டுவந்தாள்.

“என்னங்க, உங்க நாடகத்தைப் பத்தி அரைப் பக்கம்! ‘இளவரசி அழுகையில் குதிரை உட்காரும் அழகுக்காகவே…’”

பின்கால் எட்டிப் பார்த்தார். மேலே மாப்பிள்ளையின் படம். வெடுக்கென்று பிடுங்கி, ஈரமான ஷூவுக்குள் திணித்தார்.

“ஏங்க, முழுசாப் படிக்கவே இல்லையே!”

“படிச்சவரைக்கும் போதும்.”

அன்றைக்கு மாடிப்படி ஏறும்போது மாமியார் வீட்டுக் கதவு பாதி திறந்திருந்தது. அவர் பெரிய மகளோடு போனில் பேசிக்கொண்டிருந்தார்.

“மாப்பிள்ளை உக்கார்றதைப் பார்க்கணுமேடி! நாலு தடவை போயிட்டேன், இன்னும் சலிக்கல. பக்கத்து சீட்டுக்காரி என் தோள்மேலயே விழுந்து சிரிக்கிறா. மாப்பிள்ளைன்னா இவர்தான்டி மாப்பிள்ளை!”

பின்காலுக்கு வயிறு பற்றி எரிந்தது. நாலு தடவை! நான் உட்கார்ந்தால் ஸ்பிரிங் போய்விடும். அவன் உட்கார்ந்தால் அழகா? அவன் எங்கே உட்கார்ந்தான்? குதிரையின் எந்தப் பாதி உட்காருகிறது என்றுகூடத் தெரியாத ஜனம்! சொந்த மாமியாரே இப்படி என்றால் ஊரைச் சொல்லி என்ன பிரயோஜனம்?

அந்தப் படியிலேயே அவருக்கு ஞானம் பிறந்தது. இத்தனை நாளும் அவனைக் கவிழ்க்கிறேன் என்று அவனுக்கே ஏணி பிடித்திருக்கிறோம். இனி எதுவும் செய்யக் கூடாது. நாணயமான குதிரையாக நடக்க வேண்டும். அப்போது தெரியும் அவன் சாயம்.

ஞாயிற்றுக்கிழமை மதிய ஆட்டம். மனைவி, அவள் அக்கா, பேங்க்காரர், மாமியார் என்று குடும்பமே மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தது. பின்கால் மாப்பிள்ளையிடம், “இன்னிக்கு ரெண்டு இழுத்தா நட, ஒண்ணு இழுத்தா நில்லு” என்று மட்டும் சொன்னார்.

குதிரை நடக்க வேண்டிய இடத்தில் நடந்தது, நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. சொறியவில்லை. மந்திரியின் மூஞ்சி பிழைத்தது. பிரிவுப் பாட்டில் சபையே மூச்சைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தது. குதிரை உட்காரவில்லை. எங்கோ ஒருவர் இருமினார்.

“அண்ணே, உக்காருங்கண்ணே” என்று மாப்பிள்ளை உள்ளுக்குள் கெஞ்சினான். “மூணு கயித்தையும் இழுத்துட்டேன். ஒருத்தரும் சிரிக்க மாட்டேங்கிறாங்க!”

பின்கால் அசையவில்லை. ஒன்பது வருஷத்தில் அவர் கேட்ட இனிமையான சத்தம் அந்த இருமல்தான். கடைசியில் மாப்பிள்ளை தலையைக் கழற்றியபோது நாலைந்து கைகள் மரியாதைக்குத் தட்டின.

தோலை உரித்துப் போட்டுவிட்டுப் பின்கால் வாசலுக்கு வந்தார். தூரத்தில் அவருடைய மாமியார், மாப்பிள்ளையின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு என்னவோ கேட்டுக்கொண்டிருந்தார். முகமெல்லாம் கவலை. அவனுக்கு முகம் வெளுத்திருந்தது. ‘தோத்துட்டு வந்தவனுக்கு ஆறுதல் வேறயா!’ என்று பின்கால் வேறு வழியாக வீட்டுக்குப் போனார். எனக்கு ஒரு நாளாவது இப்படிக் கையைப் பிடித்து ஆறுதல் சொல்லியிருக்கிறாரா? சாயங்காலம் மாமியார் கதவைத் தட்டியபோதும் தூங்குகிற மாதிரி படுத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார். வேலை போயிற்று என்றே பின்கால் நினைத்தார்.

“உக்காரு” என்றார் மேனேஜர். பின்கால் உட்கார்ந்தார். வலது பக்கம், யோசனை, இடது பக்கம். மேனேஜர் அதை ஏனோ கண்கொட்டாமல் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். “மாப்பிள்ளை முன்கால் வேண்டாம்னுட்டார். நாளையிலேருந்து நீ முன்னால போயிடு. ஒன்பது வருஷமா கேட்டதாச்சே.”

பின்கால் அறையைவிட்டு எப்படி வெளியே வந்தார் என்று அவருக்கே தெரியாது. வராந்தாவிலேயே மனைவிக்குப் போன் போட்டார்.

“ஏம்மா, கிடைச்சுடுச்சு! மூணு கயிறும் என் கையில! அத்தைகிட்ட சொல்லு, காலண்டரைக் கழட்டச் சொல்லு!”

அதே மூச்சில் உடுப்பு அறைக்கு ஓடினார். உடுப்புக்காரம்மா வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு, குதிரையின் பின்கால் கால்சட்டையின் இடுப்பைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

“அம்மா, அதை அப்புறம் பாருங்க. எனக்கு முன்பக்கத்துக்கு அளவெடுங்க. பின்காலுக்கு எவனையாவது பிடிச்சுக்கலாம்.”

“பிடிச்சாச்சு. அவருக்குத்தான் இடுப்பைப் பெருசு பண்றேன்.”

“யாரு அந்தப் பாவம்?”

“மாப்பிள்ளைதான்.”

பின்கால் சிரித்தார். “நேத்து ஒரு நாள் கைதட்டு விழல. அதுக்குப் போய் மேனேஜர் அவரைப் பின்னால தள்ளிட்டாரா?”

உடுப்புக்காரம்மா குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சின்ன ஊசிமெத்தையில் குத்தினார்.

“யாரும் தள்ளல தம்பி. நேத்து உங்க மாமியார் அவர் கையைப் பிடிச்சுக்கிட்டு, ‘பின்னால உக்கார்றாரே எங்க மாப்பிள்ளை, அவருக்கு உடம்புக்கு என்ன தம்பி? அவரைப் பார்க்கத்தானே ஊரே வருது’ன்னு கேட்டாங்களாம். அப்போதிலேருந்து, நடிச்சா பின்கால்தான்னு அவர் ஒத்தக்கால்ல நிக்கிறார்.”