பூட்ஸைக் கழற்றிய கிராடி

ட்ரை ஃபோர்க், நெவாடா

ஒஹாயோவில் இருக்கும் அன்புத் தம்பி எஸ்ராவுக்கு, அக்கா தபித்தா எழுதுவது. நான் நலம், விடுதியின் கூரையும் நலம். உன் வீட்டில் யாருக்கும் காய்ச்சல் இல்லை என்று நம்புகிறேன்.

என் மாடியறையில் ரூஃபஸ் கிராடி தங்கியிருக்கிறார். உங்கள் ஊர்ப் பத்திரிகைகள் படம் போட்டுப் பயமுறுத்துகிற அதே துப்பாக்கிக்காரர்தான். வந்ததும் பூட்ஸோடு கட்டிலில் ஏறினார். "இதென்ன குதிரை லாயமா? கழட்டுங்க!" என்றேன். "பூட்ஸோட சாகமாட்டேன்னு அம்மாவுக்குச் சத்தியம் பண்ணியிருக்கேன், அம்மணி. ஆனா கழட்டிட்டா ஓட முடியாதே" என்றார். இங்கே பூட்ஸோடு சாவதென்றால் தெருவில் சுடப்பட்டுச் சாவது. "அப்ப ஓடாதீங்க" என்றேன். மனிதர் யோசித்துவிட்டுக் கழற்றினார்.

மறுநாள் காலை லெம் டாகெட் என்ற இளைஞன், கிராடியைச் சுட்டுப் பெயர் வாங்கவே மலை தாண்டி வந்தவன், துப்பாக்கியோடு மாடியேற, நான் காப்பிப் பாத்திரத்தோடு பின்னாலேயே ஓடினேன்.

"எழுந்திருடா கிழவா! பூட்ஸ மாட்டிக்கிட்டுத் தெருவுக்கு வா!"

"மாட்டமாட்டேன். இப்படியே சுடு."

"ஒட்டுப் போட்ட காலுறையோட போர்வைக்குள்ள கிடக்கிறவனச் சுட்டேன்னா, சாராயக்கடையில எவன் என்னை மதிப்பான்?"

"அது உன் கவலை, தம்பி."

லெம் அழாத குறை. காப்பி கொடுத்தேன், குடித்துவிட்டு எதிர்த் திண்ணையில் போய் உட்கார்ந்தவன், பூட்ஸ் சத்தத்துக்காக இன்னும் அங்கேயே காத்திருக்கிறான். கிராடி மீதிக் காப்பியைக் கேட்டு வாங்கிக் குடித்தார். ஊரே அஞ்சுகிற மனிதருக்கு உயிரைக் காத்துக்கொள்ள இருந்த ஒரே வழி, அவரைக் கொல்வதில் யாருக்கும் பெருமை இல்லாமல் செய்துகொள்வதுதான் போலிருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க அவருக்கு இத்தனை வயதாகியிருக்கிறது.

ஆனால் எஸ்ரா, அன்றிலிருந்து அவர் கட்டிலை விட்டு இறங்கவில்லை. மூன்று வேளையும் அவருக்குப் பன்றிக்கறியை மாடிக்குச் சுமந்தே என் இடுப்பு போயிற்று. மற்ற வாடகைக்காரர்கள் ஓடிவிட்டார்கள். கணவனை இழந்தவள் நான் என்ன செய்வேன்? அப்பாவின் துப்பாக்கியோடு உடனே வந்து இவரை வெளியேற்று.

உன் வயலுக்குக் கர்த்தர் மழையைக் கொடுக்கட்டும். உன் மனைவிக்குப் பொறுமையையும்.

உன் அக்கா,
தபித்தா

பி.கு.: தபால் வண்டி தாமதம், அதற்குள் எல்லாம் மாறிவிட்டது. துப்பாக்கி வேண்டாம், கேக்கோடு வா. ஞாயிறன்று எனக்கும் கிராடிக்கும் கல்யாணம். பாதிரியார் மாடிக்கே வருகிறார். மாப்பிள்ளைத் தோழன் லெம்தான். அவனும் பூட்ஸை வாசலில் விட்டுவிட்டுத்தான் மேலே வரவேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.