குடும்பத்தலைவர்மாரின் வாக்கு

கிருஷாந்தினியின் கேள்வியை அழித்துவிட்டு, செபமாலை நிம்மதியாகத் தேத்தண்ணி குடிக்க உட்கார்ந்தார். கடற்தொழிலாளர் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். சங்கத்து வாட்ஸ்அப் குழுவுக்கும் அவரே அட்மின். இந்தியாவுக்கு அகதி முகாமுக்குப் போகமுன்பே கடலை விட்டவர் என்றாலும் சங்கத்தை விடவில்லை.

கேள்வி இதுதான்: "அம்மா எனக்குச் சீதனமாத் தந்த காணி. இடப்பெயர்வில காணி உறுதிப் பத்திரம் துலைஞ்சு போச்சு. இப்ப காணிக் கந்தோரில குடுக்கிற பெர்மிற்றில ஏன் என்ர மனுசன்ர பேர் மட்டும்?"

அதற்குக் கீழே நீக்கிலாஸ், "பொம்பிளையள் கருவாட்டைப் பாருங்கோ, காணியை நாங்கள் பாப்பம்" என்று எழுதியிருந்தான். இன்னொருவர் கழுதைப் படம் போட்டிருந்தார். அவை இரண்டும் அப்படியே இருந்தன. கேள்வி கேட்டால்தான் சண்டை வரும், பதில் சொன்னால் வராது என்பது செபமாலையின் கணக்கு.

"அண்ணை, என்ர கேள்வியை எடுத்திட்டுக் கழுதையை விட்டிருக்கிறியள்" என்று கிருஷாந்தினி மறுபடி எழுதினாள். அவளைக் குழுவிலிருந்து தூக்கினார். ஏன் தூக்கினீர்கள் என்று கேட்ட அவள் தங்கச்சியையும் தூக்கினார். மத்தியானத்துக்குள் சொந்தப் போன் வைத்திருந்த பெண்கள் எல்லாரும் வெளியே. குழுவில் நல்ல அமைதி.

"அவள் கேட்டதில என்ன பிழை?" மீன் வெட்டிக்கொண்டிருந்த மனைவி புஸ்பம் கேட்டாள். "இந்த வீடும் என்ர அம்மான்ர காணிதான்."

"பிழையெண்டு ஆர் சொன்னது? நான் ரெண்டு பக்கத்துக்கும் பொது."

பொதுதான். ஆனால் முகாமிலும் சரி, மாமியார் வீட்டு வளவிலும் சரி, தன் பேரில் ஒரு துண்டு நிலம் இல்லாமலே தலை நரைத்த மனுசன். இந்தப் பெர்மிற் வந்தால்தான் முதல்முறை. அதை நினைத்தால் அவருக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

பின்னேரம் காணிக் கந்தோரிலிருந்து, பெர்மிற் எழுதுகிற அபிசா மிஸ் போன் எடுத்தாள்.

"ஐயா, பொம்பிளையளைக் குழுவால எடுத்திட்டீங்களெண்டு முறைப்பாடு வந்திருக்கு. ஊரின்ர விருப்பத்தை நாளைக் காலமை சொல்லுங்கோ. அதுபடிதான் பேர் எழுதுவம்."

"ஓம் மிஸ். வாக்கெடுப்பு வைக்கிறன். நீங்களே வந்து பாருங்கோ."

அவளைச் சாட்சிக்குக் குழுவில் சேர்த்தார். இருட்டினதும் அறிவித்தார்: பெர்மிற்றில் மனைவியின் பேரும் சேர வேண்டுமா? ஓம் அல்லது இல்லை. வீட்டுக்கு ஒரு போன், அதுவும் குடும்பத்தலைவரின் போன். வழிகாட்டியாக இருக்கட்டும் என்று முதல் "இல்லை"யை அவரே போட்டார்.

நீக்கிலாஸின் நம்பரிலிருந்து "ஓம்" வந்தது. கிருஷாந்தினியின் புருசன் ஜெகதீபனின் நம்பரிலிருந்தும் "ஓம்". பிறகு வரிசையாக ஓம், ஓம்.

விளங்காமல் எழுதுகிறார்கள் என்று நினைத்தார். "கேள்வியை வடிவா வாசியுங்கோ."

"வாசிச்சிட்டம். ஓம்."

"அவசரப்படாமல் யோசிச்சுச் சொல்லுங்கோ."

"கலியாணம் கட்டின நாளில இருந்து யோசிச்சனாங்கள். ஓம்."

செபமாலைக்கு வேர்த்தது. யாரும் எழுத முடியாதபடி குழுவைப் பூட்டினார். உடனே போன் அடித்தது.

"ஏன் ஐயா பூட்டினீங்கள்?" என்றாள் அபிசா.

"கைதவறிப் பட்டிட்டுது மிஸ்."

திறந்தார். பூட்டியிருந்த நேரத்தில் அவர்கள் இன்னும் யோசித்திருக்க வேண்டும். "மனைவியின் பேர் முதலாவதா வரவேணும்" என்று நீக்கிலாஸின் நம்பர் எழுதியது. அதற்கும் ஊர் முழுக்க ஓம்.

காலையில் அபிசா எழுதினாள்: "ஒரேயொரு இல்லை. மற்றது எல்லாம் ஓம். மனைவியின் பெயரை முதலில் எழுதுவம். நன்றி ஐயா."

"ஆர் அந்த ஒரு ஆள்?" என்று கேட்டபடி புஸ்பம் தேத்தண்ணியை வைத்தாள். சீனி இல்லை. செபமாலை குடிக்காமலே கடற்கரைக்குப் போனார்.

படகுகள் அப்போதுதான் வந்துகொண்டிருந்தன. நீக்கிலாஸ் முழங்காலளவு தண்ணீரில் நின்று கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தான்.

"உன்னை நம்பித்தானேடா வாக்கு வைச்சனான்" என்றார் செபமாலை. "நேற்றுப் பொழுதுபட்டதில இருந்து ஓம், ஓம் எண்டு எழுதி என்ர காணியைக் கவிட்டுப்போட்டியே."

நீக்கிலாஸ் கயிற்றை விட்டுவிட்டு அவரை விளங்காமல் பார்த்தான்.

"என்ன வாக்கு அண்ணை? உப்புத்தண்ணி பட்டாப் போன் பழுதாப் போமெண்டு, கடலுக்கு வெளிக்கிடேக்க நாங்கள் எல்லாரும் அதை மனிசிமாரிட்டக் குடுத்திட்டெல்லோ போறனாங்கள்."