மூன்று பாக்கெட் மாம்பழ சோயா பால்

வார இதழில் வரும் உடல்நலப் பகுதியைப் பாதி படித்துவிட்டு, மீதியைப் படித்ததாக நினைத்துக்கொள்கிற ஆள் நான். அந்தப் பழக்கத்தால் ஒரு முறை வேலையே போகப் பார்த்தது.

இரண்டாயிரத்து மூன்று வாக்கில், எண்ணூர் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில் கிரேன் ஓட்டப் பழகிக்கொண்டிருந்தேன். மெடிக்கலில் தேறினால் வேலை நிரந்தரம். ராயபுரத்து வீட்டில் மனைவிக்கு ஏழாவது மாதம். எனக்கோ முதல் டெஸ்டிலேயே சர்க்கரை கூடுதல் என்று சொல்லி, மறு டெஸ்டுக்குத் தேதி கொடுத்திருந்தார்கள். அந்த வாரம் முழுக்கப் பயத்தில் சோறு இறங்கவில்லை.

யார்டில் இதற்கு ஒரு கைவைத்தியம் உண்டு. வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்துவிட்டு, டிபன் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து வரச் சொல்வார்கள். எவனும் டிபன் சாப்பிட மாட்டான். கிரேனுக்குக் கீழே நின்று கண்டெய்னர் பொட்டிக்குக் கொக்கி மாட்டுகிற என் தோஸ்து தாஸ்தான் விவரம் சொன்னான்.

"மாமு, இட்லி கிட்லி துன்னுடாத. சக்கர போடாம ஒரு கிளாஸ் பால் அடி. வவுறும் கம்முனு கெடக்கும், சுகரும் எகிறாது."

அதோடு விட்டிருக்கலாம். ஆனால், சர்க்கரைக்காரர்களுக்கு மாட்டுப் பாலைவிட சோயா பால் நல்லது என்று இதழில் படித்திருந்தேனே (இனிப்பு சேர்க்காததாகப் பார்த்து வாங்க வேண்டும் என்பது நான் படிக்காத பாதியில் இருந்தது). முதல் ரத்தம் கொடுத்த கையோடு எதிர்க்கடைக்குப் போய் ஒரு பாக்கெட் வாங்கினேன். மாம்பழச் சுவை. பத்து நிமிடத்தில் வயிறு மறுபடி கூப்பாடு போட்டது. செடியிலிருந்து வருவதுதானே, என்ன செய்துவிடும் என்று இன்னொன்று. அப்புறம் மூன்றாவது.

இரண்டு மணி நேரமும் வேர்த்துக்கொண்டே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ரிசல்ட்டைப் பார்த்த டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார்.

"என்ன சாப்பிட்டீங்க?"

"பால்தாங்க மேடம். செடிப் பால்." காலி பாக்கெட்டை வேறு ஆதாரமாக நீட்டினேன்.

பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்ததைப் படித்தார். "இவ்ளோ சர்க்கரைக்கு ரெண்டு ஜிலேபி சாப்பிட்டிருக்கலாம். பசியாவது அடங்கியிருக்கும்."

அவர் விசாரித்த விசாரிப்பில் பால் வைத்தியம் முழுவதையும் உளறிவிட்டேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. "யாரை ஏமாத்துறீங்க? மேல உங்களுக்குத் தலை சுத்தினா, கீழ நிக்கிறவன் கதி என்ன?"

கீழே நிற்கிறவன் தாஸ்.

மூன்று மாதம் கிரேன் ஏறக்கூடாது என்று எழுதிவிட்டார். மாத்திரை, நடை, அரைவயிறு என்று கிடந்து, கேட்டில் லாரி நம்பர் எழுதி, ஒழுங்காகத் தேறிய பிறகுதான் மேலே ஏறினேன்.

டாக்டர் சொன்னதைத் தாஸிடமும் சொன்னேன். இன்றுவரை அவன் அதை விட்டபாடில்லை. எங்கள் வீட்டில் எந்த விசேஷமானாலும் கை கழுவிவிட்டு வந்து என் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்வான்.

"உங்கப்பன் மட்டும் அன்னிக்கு நான் சொன்னத ஒயுங்கா கேட்டிருந்தான்னு வை, டெஸ்டுல பாஸாயிருப்பான். நான் பொட்டிக்கு அடியில போயிருப்பேன்."