ஏழுதண்ணிக் காக்காவின் நாய்கள்

கை கழுவுவதில் ஏழுதண்ணிக் காக்காவை மிஞ்சிய மனிதர் மருதமுனையில் பிறக்கவில்லை. காக்கா என்றால் எங்களூரில் அண்ணன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் எங்கள் தெருக் கிணறு பாதியும் அவர் முழங்கையில்தான் வற்றியது. அவர் நெசவுத் தறிக்காரர். தறியை விட்டு எழும்பினால், கடற்கரைச் சொறிநாய்களுக்குத் தேங்காயெண்ணெயில் குழைத்த கந்தகம் பூசப் போய்விடுவார். எங்கள் மார்க்கப்படி, ஈரத்தோடு நாயைத் தொட்டால் ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண்ணோடு. ஐந்து நாய்க்குப் பூசினால் காக்கா முப்பத்தைந்து தரம் கழுவுவார்.

"எத்தின நாயெண்டாலும் ஏழு போதும் காக்கா," என்றார் பள்ளிவாசலில் தொழுகை நடத்தும் லெவ்வை.

"மார்க்கத்துக்குப் போதும் லெவ்வே. என்ட மனசுக்குப் போதாது."

சொறி உடற்சூட்டால் வருவது என்றது ஊர். சிலர் மருந்தென்று பஸ்ஸின் கழிவெண்ணெயை ஊற்றினார்கள். நாய் அதை நக்கிச் செத்தது. காக்கா ஒரு நாயின் காதோரச் செதிளைச் சுரண்டிக் கறுப்புத் துணியில் உதறி, வெயிலில் வைத்து, தறியில் நூல் எண்ணும் பூதக்கண்ணாடியைக் கூட நின்ற என்னிடம் தந்தார். வெள்ளைப் புள்ளிகள் நகர்ந்தன.

"தோலுக்குள்ள சுரங்கம் வெட்டி முட்ட போடுது. மருந்து பூச்சியக் கொல்லும், முட்டயக் கொல்லாது. முட்ட பொரிச்சுக் குஞ்சு வந்த மறுகாவும் பூசணும். கிழமைக்கு ஒருக்கா, விடாம."

நோன்புக்கு முந்திய மாதம் என்கிறது அப்போது நான் எழுதிய குறிப்பேடு. அவர் முன்கையில் சிவந்த தடிப்புகள் கண்டன. பள்ளியில் தொழுகைக்குத் தோளோடு தோள் உரசி நிற்க வேண்டிய வரிசையில், அவருக்கு இரு பக்கமும் ஓர் ஆள் இடம் விட்டு நின்றார்கள். அவர் நகர, இடமும் நகர்ந்தது.

"இது நாய்ட பூச்சி. மனிசன்ட தோலில குடும்பம் நடத்தாது. மூணு கிழமைல செத்திரும்," என்றார் காக்கா.

"மறுகா ஏன் இப்பிடிச் சொறியிறீங்க?" என்றார் பள்ளி நிர்வாகியான மரைக்கார்.

"சாகுமட்டும் கடிக்கும்தானே."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. முன்வரிசையில் அவர் நின்றது, அவருடைய வாப்பா காலமெல்லாம் நின்று தொழுத இடம். நாயா, வரிசையா என்று மரைக்கார் கேட்டார்.

காக்கா நாய்களுக்குப் பூசுவதை விட்டார். நோன்பு பிறந்தபோது கை ஆறியிருந்தது. எல்லோரும் பார்க்கட்டும் என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்து நின்றார். இடைவெளி அப்படியே இருந்தது.

அதே கிழமை, ஒரேயொரு தரம் மருந்து கண்டிருந்த செவலைப் பெட்டை நாய் தோணிக்கடியில் செத்துக் கிடந்தது. உடம்பில் ரோமமே இல்லை. சொறிந்த இடமெல்லாம் புண். காக்கா ஈர மணலில் குழி தோண்டினார்.

"இன்னும் ரெண்டு பூச்சுத்தான் மிச்சம் மனே," என்றார் என்னிடம்.

மறுநாள் மறுபடி கந்தகம் வாங்கினார். பள்ளியில் கடைசி வரிசைக்கும் பின்னால் தனியே நிற்கத் தொடங்கினார். எனக்கும் முன்வரிசைதான் பழக்கம்; இடம் விட்டு நின்றவர்களில் நானும் ஒருவன். ஒரு வெள்ளிக்கிழமை பின்னால் போய் அவர் தோளோடு நின்றேன்.

"தள்ளி நில்லு மனே. நேத்தும் பூசின நான்."

"நீங்கதானே சொன்னீங்க, குடும்பம் நடத்தாதெண்டு?"

"குடும்பம் நடத்தாது. விருந்துக்கு வரும்."

நான் நகரவில்லை. தொழுது முடிந்ததும் என் முன்கையைப் பிடித்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடுத்த மூன்று வெள்ளியும் பார்த்தார். ஒன்றுமில்லை, இனி வராது என்று தீர்ப்புச் சொன்னார்.

அதற்கடுத்த வெள்ளியும் அவர் பக்கத்தில் நின்று தொழுதுவிட்டு நான் கையை நீட்டினேன்.